பழைய ரேமோடு புது ரேம்: சேர்க்கலாமா, மாற்றலாமா?

"அண்ணா, என் சிஸ்டத்துல 8 ஜிபி, 2666 ஸ்டிக் ஒண்ணு இருக்கு. ரிச்சி தெருவுல கேட்டா வேற கம்பெனி, 3200 தான் இருக்குங்கிறாங்க. சேர்த்துப் போட்டா போர்டு எரிஞ்சிடுமா?"

ரிச்சி தெரு சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெரு; 2666, 3200 என்பவை ரேம் ஸ்டிக்கின் வேக எண்கள். கம்பெனிப் பெயரும் எண்ணும் மாறுகின்றனவே தவிர, கேள்வி இதேதான். கொஞ்ச நாளாக வந்துகொண்டே இருக்கிறது. முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன்: எரியாது. டிடிஆர்4 (ரேமின் ஒரு தலைமுறை) மதர்போர்டில் இரண்டு வேறு டிடிஆர்4 ஸ்டிக்கைப் போட்டதற்காக எதுவும் புகையாது. ஆனால் சேர்ப்பதா, இருப்பதை விற்றுவிட்டுப் புதுசு வாங்குவதா என்பது வேறு கணக்கு. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி இப்போது பெருகியதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. 11-க்கு மாறியவர்கள், 8 ஜிபியில் குரோமையும் டேலியையும் ஒன்றாகத் திறந்ததும் மூச்சு வாங்குவதைப் பார்க்கிறார்கள். அதே நேரத்தில் ரேம் விலையும் ஏறியது. ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் அந்தப் பக்கம் திரும்பின. மைக்ரான் 2025 டிசம்பரில், குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. கடையில் சொல்லும் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் இந்தக் கட்டுரையில் ரூபாய்க் கணக்கு போடவில்லை. எந்த வழியில் எங்கே செலவு ஒளிந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் நாலு விஷயம் பார்ப்பேன். பிழையில்லாமல் ஓடுமா? வேகம் எவ்வளவு குறையும், அந்தக் குறைவு உங்கள் வேலையில் தெரியுமா? பில்லில் இருக்கும் தொகை போக வேறென்ன செலவு? இரண்டு மூன்று வருஷம் கழித்து இன்னும் ஏற்ற வேண்டி வந்தால் இடம் இருக்குமா?

பலரும் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு முதலாவதுதான் முக்கியம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் சித்தப்பா திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும் டிசைன் செய்கிறார். அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த ஸ்டிக்கோடு வேறு ஒரு கம்பெனி ஸ்டிக்கைச் சேர்த்து, பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியையும், அதாவது ரேமை அடிப்படை வேகத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பையும், ஆன் செய்து கொடுத்திருந்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. ஹேங் இல்லை, நீலத் திரை இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது "ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது" என்று வந்தது. மறுபடி பிரித்தார், பிரிந்துவிட்டது. சரி, டவுன்லோடில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார். அப்புறம் ஒருநாள் ஆல்பத்துக்காக ஒரு போட்டோவைத் திறந்தால், மணப்பெண்ணின் நெற்றிவரை சரியாக இருக்கிறது. அதற்குக் கீழே படம் முழுக்கச் சாம்பல் பட்டை. மெமரி கார்டை வாடிக்கையாளர் வாங்கிப் போய் அழித்துவிட்டிருந்தார். பேக்கப் டிஸ்க்கில் இருந்த நகலும் இதே கம்ப்யூட்டர் வழியாகப் போனதுதான், அதிலும் அதே பட்டை.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். நாற்பதாவது நிமிஷத்தில் முதல் சிவப்பு வரி வந்தது. ஒரே ஒரு பிட், திரும்பத் திரும்ப அதே இடம். ரேமில் வரும் பிழை எப்போதும் கம்ப்யூட்டரை நிறுத்தாது. சில சமயம் சத்தமே இல்லாமல் ஃபைலைத் தின்னும். அதனால் வேகத்தில் பத்து சதவீதம் போனாலும் போகட்டும் என்பேன். பிழை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

## வாங்கும் முன் ஸ்டிக்கரைப் படியுங்கள்

கேஸைத் திறந்து, இருக்கிற ஸ்டிக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். "8ஜிபி 1ஆர்x8 பிசி4-2666வி-யு" என்பது போல ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். வாங்கப்போகும் ஸ்டிக்கிலும் அதே வரியைத் தேடுங்கள். சில கம்பெனிகள் இதை அச்சிடுவதில்லை. அப்போது சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைப் பார்த்தால் போதும்.

"பிசி4" என்றால் டிடிஆர்4. டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் கால்கள் 288 தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. அழுத்திப் பார்க்காதீர்கள்.

"2666" என்ற இடத்தில் சில ஸ்டிக்கர்களில் 21300 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். 25600 என்றால் 3200, 19200 என்றால் 2400.

"1ஆர்x8" என்பது சிப்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. 1ஆர் என்றால் ஒரு ரேங்க் (ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் சிப் கூட்டம்), 2ஆர் என்றால் இரண்டு. 8 ஜிபியில் "1ஆர்x16" என்று ஒரு வகை வருகிறது. அதில் எட்டு சிப்புக்குப் பதிலாக நாலே நாலு பெரிய சிப். விலை கொஞ்சம் குறைவாக இருக்கலாம், வேகமும் கொஞ்சம் குறைவு. பழையது 1ஆர்x8 என்றால் புதியதும் 1ஆர்x8 ஆக இருப்பது நல்லது.

கடைசியில் இருக்கும் அந்த ஒரு எழுத்தில்தான் ஏமாறுகிறார்கள். "யு" என்றால் நம் வீட்டு போர்டுக்கானது. "ஆர்" என்றால் சர்வருக்கானது. பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய 16 ஜிபி ஸ்டிக்குகள் மலிவாகக் கிடைக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் சாதாரண போர்டில் டிஸ்ப்ளேயே வராது.

## வழி 1: வேறு கம்பெனி ஸ்டிக், அதே அளவு

8-ஓடு இன்னொரு 8. இதைத்தான் பெரும்பாலோர் செய்யப் போகிறார்கள், பெரும்பாலும் நன்றாகவே ஓடும்.

ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்று ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. எந்தெந்த வேகத்தில், எந்தெந்த டைமிங்கில் ஓட முடியும் என்ற பட்டியல் அதில் எழுதப்பட்டிருக்கும். போர்டு ஆன் ஆகும்போது இரண்டின் பட்டியலையும் படித்து, இரண்டுக்கும் ஒத்துவரும் வேகத்தை எடுத்துக்கொள்ளும். ஜோடி மாட்டில் மெதுவான மாட்டின் நடைதான் வண்டியின் நடை. 2666-ஓடு 3200 சேர்த்தால் இரண்டும் 2666.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. "3200" என்று எழுதிய ஸ்டிக்கில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, ஜெடெக் (ரேமுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) தரப்படியே 3200: 1.2 வோல்ட், சிஎல்22 (சிஎல் என்பது காத்திருப்பு எண், குறைந்தால் வேகம்). போட்டால் தானாக 3200-இல் ஓடும். மற்றது, எக்ஸ்எம்பியால் 3200: 1.35 வோல்ட், சிஎல்16, மேலே அழகான ஹீட் சிங்க். எக்ஸ்எம்பி ஆஃப் ஆக இருந்தால் இதன் அடிப்படை வேகம் 2133, 2400 அல்லது 2666 தான். இந்த இரண்டு "3200"-களையும் சேர்த்துப் போட்டால், தானாக அமையும் வேகம் 2400 ஆகக்கூட இருக்கும். எக்ஸ்எம்பியை ஆன் செய்தால் சிஎல்16-ஐத் தாங்காத ஸ்டிக் பிழை விடும். சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான்.

அதனால் கலந்து போட்டால் எக்ஸ்எம்பி ஆஃப். அடிப்படை வேகத்தில் நிம்மதியாக ஓடட்டும். பயாஸில் கையால் 3200, 22-22-22 என்று அமைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கலாம், அதற்கும் டெஸ்ட் கட்டாயம்.

இழப்பு எவ்வளவு? 3200-இல் ஒரு சேனலுக்கு (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே உள்ள பாதைக்கு) நொடிக்கு 25.6 ஜிபி, 2400-இல் 19.2 ஜிபி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நேற்றுவரை ஒரே ஸ்டிக், அதாவது ஒரே சேனலில் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். இப்போது இரண்டு சேனல், 2400-இலேயே மொத்தம் 38.4. டேலி, ஆபீஸ், பிரவுசர், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு இவற்றுக்கு இது போதும் போதும்.

சில போர்டுகளில் இழப்பே இல்லை. ஐ5-10400-ஓடு எச்410 போர்டு வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். அந்த ஜோடிக்கு 2666-தான் உச்சவரம்பு. 2666-ஓடு ஜெடெக் 3200-ஐச் சேர்த்தாலும், தனியாகப் புது 3200 கிட் (ஒரே பெட்டியில் வரும் ஜோடி) வாங்கிப் போட்டாலும் 2666-தான். வேகத்துக்காகப் புதுக் கிட்டுக்குப் பணம் செலவழிக்க அவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் ஆடுபவர்களுக்கு மட்டும் வேறு பதில். ரைசன் 5 5600ஜி போன்றவற்றில் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் தின்கிறது. அங்கே 2400-க்கும் 3200-க்கும் உள்ள வித்தியாசம் திரையில் தெரியும்.

## வழி 2: அதே மாடலைத் தேடிப் பிடிப்பது

மனசுக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் வழி. அதே கம்பெனி, அதே மாடல் எண், அதே நிறம். எக்ஸ்எம்பியும் பெரும்பாலும் சேர்ந்தே வேலை செய்யும்.

ஆனால் மாடல் எண் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று ஆகிவிடாது. கார்செயர், ஜி.ஸ்கில் போன்றவை சிப் தயாரிப்பதில்லை, வாங்கிப் பொருத்துகின்றன. இந்த லாட்டில் சாம்சங் சிப் இருக்கலாம், அடுத்ததில் ஹைனிக்ஸ். சில கம்பெனிகள் ஸ்டிக்கரில் ஒரு வெர்ஷன் எண் போட்டிருக்கும். மாடல் எண்ணோடு அந்த எண்ணும் ஒத்துப்போனால்தான் உண்மையான ஜோடி. இரண்டு ஸ்டிக்காக ஒரே பெட்டியில் வரும் கிட்டை விலை கூடுதலாக விற்பதற்கும் இதுதான் காரணம்: அவை சேர்த்து டெஸ்ட் செய்யப்பட்டவை. தனித்தனியாக வாங்கிய இரண்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இங்கே ஒளிந்திருக்கும் செலவு அலைச்சல். நாலு வருஷத்துக்கு முன் வந்த மாடலைத் தேடி மீரான் சாகிப் தெருவரை கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் பில் இல்லாத பழைய ஸ்டிக்கைப் புது விலைக்கு வாங்கி வந்தவரை எனக்குத் தெரியும். சுலபமாகக் கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வழி 1-க்கு வாருங்கள், ரேங்கும் ஜெடெக் வேகமும் ஒத்துப்போனால் அதுவே போதும்.

## வழி 3: 8-ஓடு 16

இதைப் பலர் தப்பு என்று நினைக்கிறார்கள். எனக்குப் பிடித்த வழி இது.

8-ஐயும் 16-ஐயும் சேர்த்தால் முதல் 8-ம், 16-இல் ஒரு 8-ம் ஜோடியாக இரண்டு சேனலில் ஓடும். மிச்சமிருக்கும் 8 மட்டும் ஒரே சேனலில் ஓடும். இன்டெல் இதற்கு ஃப்ளெக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. அன்றாட வேலை முதல் 16 ஜிபிக்குள் முடிந்துவிடும். போட்டோஷாப்பில் பெரிய ஆல்பம் திறக்கும்போது மிச்ச 8-க்குள் போகும், அது கொஞ்சம் மெதுவானாலும் எஸ்எஸ்டியைவிடப் பல மடங்கு வேகம்.

எச்410, எச்510, எச்610 போன்ற மலிவு போர்டுகளில் பொதுவாக இரண்டே ஸ்லாட். ஒன்றில் 8 இருக்கிறது. இன்னொரு 8 போட்டால் 16-ஓடு கதவு மூடிக்கொள்ளும், அடுத்த முறை ஏற்ற வேண்டுமென்றால் ஒரு ஸ்டிக்கையாவது தூக்கி எறிய வேண்டும். இப்போதே 16 போட்டால் மொத்தம் 24. அடுத்த தடவை பழைய 8-ஐக் கழற்றிவிட்டு இன்னொரு 16. இரண்டு தவணையில் 32 ஜிபி, வீணாவது அந்தப் பழைய 8 மட்டும்.

கேம்தான் முக்கியம் என்பவர்களுக்கும், உள்ளிணைந்த கிராபிக்ஸை நம்புபவர்களுக்கும் இது ஏற்றதல்ல. அவர்கள் சம அளவு ஜோடியே போடட்டும்.

## வழி 4: பழையதை விற்றுவிட்டுப் புதுக் கிட்

பில்லில் இதுதான் பெரிய தொகை. பழைய ஸ்டிக்குக்குக் கடையில் கொடுக்கும் விலை மனசு வலிக்கும்படி இருக்கும். தெரிந்தவர்களுக்கு நேரடியாக விற்றால் கொஞ்சம் பரவாயில்லை. வாரண்டியிலும் ஒரு கண் வையுங்கள். கிட்டில் ஒரு ஸ்டிக் கெட்டால் பல கம்பெனிகள் இரண்டையும் சேர்த்தே அனுப்பச் சொல்லும். மாற்று வரும்வரை மெஷின் சும்மா கிடக்கும். அதனால் பழைய ஸ்டிக்கை உடனே விற்க வேண்டாம், கொஞ்ச காலம் அலமாரியில் இருக்கட்டும்.

இந்தச் செலவுக்கு யாருக்கு நியாயம் உண்டு? அந்தக் கம்ப்யூட்டரை வைத்துச் சம்பாதிப்பவர்களுக்கு. வீடியோ எடிட்டிங், ஆல்பம், ஆடிட்டர் ஆபீஸ் கணக்கு. ஒரு ஃபைல் கெட்டால் வாடிக்கையாளர் முகத்தில் விழிக்க முடியாது என்றால் கிட்டே வாங்குங்கள். சித்தப்பாவுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.

டிடிஆர்3 போர்டு வைத்திருப்பவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்தக் காலத்து இன்டெல் பிராசஸர்கள் விண்டோஸ் 11-இன் பட்டியலிலேயே இல்லை. அதற்குப் புது ரேம் கிட் என்பது இடியப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது. பழைய டிடிஆர்3 ஒன்று சும்மா கிடைத்தால் போடுங்கள், காசு கொடுக்காதீர்கள்.

## எல்லாம் ஒரே பார்வையில்

| | வேறு கம்பெனி, அதே அளவு | அதே மாடல் | 8 + 16 | புதுக் கிட் |
|---|---|---|---|---|
| பிழை வரும் வாய்ப்பு | எக்ஸ்எம்பி ஆஃப் என்றால் குறைவு. ஆன் என்றால் அதிகம் | குறைவு, ஆனால் உண்டு | வழி 1 போலவே | மிகக் குறைவு |
| வேகம் | இரண்டில் மெதுவானது | பெரும்பாலும் முழு வேகம் | 16 வரை இரு சேனல், மிச்சம் ஒரு சேனல் | முழு வேகம் |
| ஒளிந்த செலவு | ஒரு இரவு டெஸ்ட் | அலைச்சல், பில் இல்லாத சரக்கு | பின்னால் வீணாகும் 8 | பழையதன் விலைச் சரிவு |
| அடுத்து ஏற்ற இடம் | இரண்டு ஸ்லாட் என்றால் இல்லை | இரண்டு ஸ்லாட் என்றால் இல்லை | உண்டு | வாங்கும் அளவைப் பொறுத்தது |
| யாருக்கு | வீடு, படிப்பு, ஆபீஸ் | எக்ஸ்எம்பி வேண்டுபவர் | இரண்டு ஸ்லாட் போர்டு, போட்டோ வேலை | அதில் பிழைப்பு நடத்துபவர் |

## நாலு ஸ்டிக், டிடிஆர்5

ஏற்கெனவே இரண்டு ஸ்டிக் இருக்கிறது, இன்னும் இரண்டு போடலாமா என்பவர்களுக்கு: நாலு ஸ்டிக் என்பதே, பிராசஸருக்குள் ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை, அது ஒரே மாடலாக இருந்தாலும். ரைசன் 3000 வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 3200. நாலு ஒற்றை ரேங்க் ஸ்டிக் என்றால் 2933, நாலும் இரட்டை ரேங்க் என்றால் 2667.

டிடிஆர்5-இல் இது இன்னும் கடுமை. ரைசன் 7000-க்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நாலு என்றால் 3600. வேறு வேறு கிட்டைக் கலந்தால் டிஸ்ப்ளே வருவதற்கே பல நிமிஷம் ஆகலாம், வராமலும் போகலாம். அதனால் டிடிஆர்5-இல் கலக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் முதல் நாளே இரண்டு ஸ்டிக் கிட்டாக வாங்கிவிடுங்கள். "ஒண்ணு இப்போ, ஒண்ணு அப்புறம்" என்பது டிடிஆர்4-ஓடு போகட்டும்.

## வாங்குவதும் சோதிப்பதும்

ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அதனால் வெள்ளிக்கிழமை மாலையோ சனிக்கிழமையோ போங்கள். பழைய ஸ்டிக்கைக் கையோடு கொண்டு போங்கள், போட்டோ போதாது. பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: "அண்ணா, பழசோட ஒத்து வரலைன்னா மாத்திக் கொடுப்பீங்களா? எத்தனை நாள்?" சரி என்றால் அதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் பக்கத்துக் கடை.

வீட்டுக்கு வந்ததும் முக்கியமான ஃபைல்களை முதலில் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள், புது ஸ்டிக்கைத் தொடும் முன்பே. நாலு ஸ்லாட் போர்டு என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் பொதுவாக ஜோடி. போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் ஸ்லாட்டில் தூசியும் பிசுக்கும் சேர்ந்திருக்கும், ஊதிவிட்டு, ஸ்டிக்கின் தங்கக் கால்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும் "டக்" என்று சத்தம் வர வேண்டும்.

மெம்டெஸ்ட்86+ இலவசம், பென் டிரைவில் போட்டு பூட் செய்யலாம். முதலில் புது ஸ்டிக் மட்டும் தனியாக, ஒரு சுற்று. அப்புறம் இரண்டும் சேர்த்து, இரவு முழுக்க. காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு பரவாயில்லை என்பதெல்லாம் கிடையாது. பிழை வந்தால் எக்ஸ்எம்பி ஆஃப்தானா என்று பார்த்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ஒவ்வொன்றாகத் தனியே சோதித்து, கோளாறு எதில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளேயே வரவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டின் பேட்டரியை ஐந்து நிமிஷம் கழற்றி மாட்டுங்கள்.

ஞாயிறு மதியம் இன்னொரு தடவை. ஏசியைப் போடாமல், ஜன்னலைத் திறந்து வைத்து, இரண்டு மணிக்கு மேல். இரவு குளிர்ச்சியில் பாஸான ஸ்டிக் மே மாத மதியத்தில் பிழை விட்டதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அது ஓடப்போவது அந்த வெக்கையில்தான். ஒரு சிவப்பு வரி வந்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் பில்லோடு போய் நில்லுங்கள்.